செருப்பு கிடைத்தது, மறுவூடல் போச்சு! | திருவண்ணாமலை திருவூடல் வ்லாக்

வணக்கம் மக்களே. முதலில் இதைப் பாருங்கள். கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். தெரிகிறதா? என் செருப்பு. இடது, வலது, இரண்டுமே இருக்கிறது. திருவண்ணாமலைக்குப் போய் இரண்டு செருப்போடும் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறேன். கைதட்டுங்கள்.

நம் சேனலைப் பழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். கார்த்திகை தீபத்துக்குப் போனபோது தொள்ளாயிரம் ரூபாய்ச் செருப்பு போச்சு. அதற்கு முந்தைய பௌர்ணமியில் ஒன்று மட்டும் போச்சு. ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு போய் யார் என்ன செய்வார்கள் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. அதனால் இந்த முறை நூற்றைம்பது ரூபாய் ரப்பர் செருப்பு, இருபது ரூபாய் மஞ்சள் பை, பைக்குள் செருப்பு, பை வாயில் மூன்று முடிச்சு. இந்தப் பையை மறந்துவிடாதீர்கள், அப்புறம் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தீபம் வீடியோவுக்குக் கீழே பாதிப் பேர் கேட்டது ஒன்றேதான்: "தீபம் முடிந்துவிட்டதே, இனி திருவண்ணாமலைக்கு எதற்குப் போகிறீர்கள்?" எனக்கு வந்ததே கோபம். அந்த மலையில் வருஷம் முழுக்க ஒரு குடும்பக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது மக்களே. நீங்கள் ஒரே ஒரு நாள் வந்து தலையைக் காட்டிவிட்டு, கதை தெரியும் என்கிறீர்கள்.

தீபத்தைக் குறை சொல்லவில்லை. திருவிழாவின் பத்தாம் நாள் விடியற்காலை 4 மணிக்குக் கருவறையில் பரணி தீபம், சாயங்காலம் 6 மணிக்கு 2,668 அடி உயர மலை உச்சியில் மகாதீபம். அதற்குச் சற்று முன்னால் அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டே வெளியே வருவார். வருஷத்தில் அந்தச் சில நிமிஷம்தான் அவர் தரிசனம். நான் பார்த்தது என்ன? முன்னால் நின்றவர் தூக்கிப் பிடித்த செல்போனில் அர்த்தநாரீஸ்வரர் வந்ததைப் பார்த்தேன். அவர் ஜூம் வேறு செய்யவில்லை. கூட்டம் எனக்கு ஒத்துவராது, உங்களுக்கே தெரியும்.

மலை ஏறிக் காட்டச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 டிசம்பரில் அந்த மலையில்தான் மண் சரிந்து ஏழு பேர் போனார்கள். அந்த வருஷ தீபத்துக்குப் பக்தர்கள் யாரையும் மேலே விடவில்லை. நானும் ஏறமாட்டேன், கேட்காதீர்கள்.

அதனால்தான் இந்த முறை மாட்டுப் பொங்கலுக்குப் போனேன். அன்றைக்குத்தான் திருவூடல். சாமிக்கும் அம்மனுக்கும் சண்டை. நடுத்தெருவில், ஊரே பார்க்கச் சண்டை!

வேலூரிலிருந்து முதல் பஸ். நான் விடியற்காலையில் எழுந்ததை அம்மா வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். அப்படியும் தாமதம்தான். ராஜகோபுரத்துப் பக்கத்துத் திட்டி வாசலில் சூரியனுக்கு அண்ணாமலையார் தரிசனம் கொடுப்பாரே, அது முடிந்தே போயிருந்தது. ராஜகோபுரம், 217 அடி, முழுக்க வெயில் ஏறி நிற்கிறது. நான் கீழே கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கிறேன்.

சண்டை எதற்கு என்றால், பிருங்கி முனிவர் சிவனை மட்டும்தான் கும்பிடுவார், பக்கத்தில் இருக்கும் அம்மனைத் திரும்பியும் பார்க்கமாட்டார். அப்படிப்பட்டவருக்குக் காட்சி கொடுக்கப் போகிறேன் என்று சாமி கிளம்புகிறார். உண்ணாமுலையம்மன், "போகாதீர்கள்" என்கிறார். இவர், "போயே தீருவேன்" என்கிறார். இதுதான் சண்டை. யார் பக்கம் நியாயம் என்று கமெண்டில் எழுதுங்கள். நான் அம்மன் கட்சி.

இந்தச் சண்டைக்கென்றே அங்கே ஒரு தெரு இருக்கிறது, பெயரே திருவூடல் தெரு. சாயங்காலம் அங்கே போய் ஒரு வீட்டுத் திண்ணை ஓரமாக இடம் பிடித்தேன். இந்தப் பக்கம் சாமி, அந்தப் பக்கம் அம்மன். தூக்குகிறவர்கள் சும்மா நிற்பதில்லை. சாமி ஓர் எட்டு முன்னால் வந்தால் அம்மன் ஓர் எட்டு பின்னால். மாலைகள் இரண்டு பக்கமும் ஆடுகின்றன. சமாதானம் பேச நடுவில் சுந்தரர் வருகிறார். அவருக்கே இரண்டு சம்சாரம், இரண்டு வீட்டிலும் பிரச்சினை. அவரைப் போய்த் தூது அனுப்பினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகவில்லை. அம்மன் சட்டென்று திரும்பினார் பாருங்கள், அப்படி ஒரு வேகம், கோயிலை நோக்கி விறுவிறுவென்று போய்விட்டார். எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "அப்படித்தான் தாயி, கதவைச் சாத்து, அப்போதான் புத்தி வரும்" என்றார். திண்ணை மொத்தமும் சிரித்தது. எனக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கிவிட்டது, ஏனென்று கேட்காதீர்கள்.

சாமிக்கு அன்றைக்கு ராத்திரி வீடு இல்லை. குமரக்கோயிலில்தான் படுக்கை. கோபித்துக்கொண்ட பெண்டாட்டி கதவைச் சாத்திவிட்டால் மகன் வீட்டுக்குத்தானே போகவேண்டும்?

அடடா, நந்தியை விட்டுவிட்டேன். பின்னால் போகிறேன், மன்னியுங்கள். மாட்டுப் பொங்கல் ஆயிற்றே, காலையில் கோயிலில் நந்திகளுக்கு அலங்காரம். வடை மாலை, முறுக்கு மாலை, அதிரசம், பழம், காய்கறி. பெரிய நந்தியின் கழுத்தில் கத்தரிக்காய் வாழைக்காயெல்லாம் தொங்குகிறது, நடுவே வடைகள் வரிசையாக. நானோ காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அந்த வடையை எவ்வளவு நேரம் எடுத்திருக்கிறேன் என்று எடிட் செய்யும்போதுதான் பார்த்தேன். நான்கு நிமிஷம். வெட்ட மனசு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சாமி கிரிவலம் கிளம்பினார். நாம் 14 கிலோமீட்டர் சுற்றுகிறோமே, அதே பாதையில் அண்ணாமலையாரும் சுற்றுகிறார். வருஷத்தில் இரண்டே முறை. தீபம் முடிந்து ஒரு தடவை, திருவூடலுக்கு ஒரு தடவை. வெறுங்காலோடுதானே நடக்கவேண்டும்? மஞ்சள் பையை என்ன செய்வது? கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை அக்கா. டீ பதினைந்து ரூபாய். பையை வைத்துக்கொள்கிறீர்களா என்றேன். "ஒரு டீ குடிச்சா வைக்கமாட்டேன்மா, நாலு டீ குடிச்சா வைக்கிறேன்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லை. நான் டீயே குடிக்கமாட்டேன், எனக்குக் காப்பிதான், தெரியுமில்லையா? குடித்தேன். நாலு டீ, அறுபது ரூபாய், ஒன்றன்பின் ஒன்றாக. கணக்குப் போடுங்கள்: செருப்பு நூற்றைம்பது, பை இருபது, டீ அறுபது. அப்புறம் இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம் வரைக்கும் எட்டு லிங்கங்களில் ஐந்தாவது வருணன் தாண்டும்வரை நான் கும்பிட்டதெல்லாம் கழிப்பறை எங்கே என்றுதான்.

ஆனால் அந்த நடை அருமை. பௌர்ணமிக் கூட்டத்தில் முன்னால் போகிறவர் குதிகாலைத்தான் பார்க்கமுடியும். இங்கே வழியில் இருக்கிற வீட்டுக்காரர்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக் காத்திருக்கிறார்கள், சாமி நம் வீட்டு வழியாகப் போகிறார் என்று. சாமி நிற்கிறார், தேங்காய் உடைகிறது, சூடம் எரிகிறது, கிளம்புகிறார். ஒரு சின்னப் பையன் அவன் அப்பாவிடம், "அம்மா எங்கேப்பா?" என்று கேட்டான். "கோபமா இருக்காங்க, சாயங்காலம் சரியாயிடும்" என்றார் அவர். அம்மனைத்தான் சொல்கிறாரா, வீட்டுக் கதையா, தெரியவில்லை.

சாமி திரும்பி வந்த பிறகு மறுவூடல். அதாவது சமாதானம். இதற்காகத்தான் இரண்டு நாள் தங்கினேன். தரையில் விரிப்பு போட்டுப் படுக்கிற அறைக்கு அறுநூறு ரூபாய், அதைத் தனி வீடியோவாகத் திட்டுகிறேன். இப்போது, மஞ்சள் பை. கோயிலுக்குள் போவதற்கு முன் பையை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று போனேன். கடை சாத்தியிருந்தது. அக்கா இல்லை. பக்கத்துப் பூக்காரர், "இப்ப வந்துரும்" என்றார். நின்றேன். கோயில் பக்கமிருந்து நாதஸ்வரம் கேட்கிறது. "இப்ப வந்துரும்." தவில் வேகம் பிடிக்கிறது. நான் ஒரு பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ரொம்ப நேரம் கழித்து அக்கா ஈரத் தலையோடு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தார். "எங்கே போனீங்க அக்கா?" "மறுவூடல் பார்க்கத்தான். நீ போகல?"

போகலை மக்களே. நூற்றைம்பது ரூபாய் ரப்பர் செருப்புக்காக, அம்மனும் சாமியும் சேர்ந்ததை நான் பார்க்கலை.

சரி, அடுத்தது தைப்பூசம். அன்றைக்கு அங்கே நடப்பது கூட்டத்துக்குத் தெரியாது. ஈசான்ய குளத்தில் தீர்த்தவாரி முடித்து மேளதாளத்தோடு திரும்பும் சாமிக்கு, வல்லாள மகாராஜா இறந்துவிட்டார் என்று சேதி வரும். 14-ஆம் நூற்றாண்டு ஹொய்சள ராஜா, பிள்ளை இல்லாதவர், அண்ணாமலையாரையே மகனாக நினைத்தவர். சேதி கேட்டதும் மேளம் நின்றுவிடும். அந்தச் சாமி சத்தமில்லாமல் கோயிலுக்குத் திரும்புவார். அப்புறம் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில், கௌதம நதிக்கரையில், மகனாக நின்று திதி கொடுப்பார். சித்திரையில் வசந்த உற்சவம், சாமி மேல் ஒரு பொம்மை பூக் கொட்டும். ஆடிப்பூரத்துக்குக் கோயிலுக்குள்ளேயே தீமிதி. இதையெல்லாம் விட்டுவிட்டு, தீபம் முடிந்ததே என்கிறீர்கள்.

தைப்பூசத்துக்கு மேளம் நிற்கிற அந்த நொடியைப் பதிவு செய்யவேண்டும், அதனால் மைக் ஒன்று வாங்கியிருக்கிறேன். செருப்பு? போட்டுக்கொண்டே போகப்போவதில்லை. வேலூரிலிருந்தே வெறுங்கால். பஸ்ஸில் கண்டக்டர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.