ஐந்து வயதுக்குள் ஒரு புத்தகம்: பாடகி டாலி பார்ட்டன் குறித்து நூலக விழாவில் ஆற்றிய உரை

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, தம் அலுவல்களுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, ஆண்டுதோறும் தம் மாணவிகளை அழைத்து வந்து இந்த அரங்கை நிறைக்கும் தலைமையாசிரியை அவர்களே, நூலகப் புரவலர்களே, அங்கன்வாடிப் பணியாளர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். மழை மிரட்டிக்கொண்டிருக்கும் இந்த மாலையிலும் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, விழாவை நடத்திக் காட்டும் நம் கிளை நூலகரை இந்த மேடையில் பாராட்டாமல் பேச்சைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு ஒரு கைத்தட்டல் கொடுங்கள்.

நூலக விழாவில் அமெரிக்கப் பாடகியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அழைப்பிதழைப் பார்த்த சில நண்பர்கள் கேட்டார்கள். கன்ட்ரி இசை என்று அமெரிக்கர்கள் வழங்கும் அந்தக் கிராமிய இசையில் அறுபது ஆண்டுகளாகக் கோலோச்சும் டாலி பார்ட்டன் அம்மையாரைப் பற்றி, பாடலாசிரியர், தொழில் நடத்தியவர், புத்தகம் கொடுத்தவர் என்ற மூன்று நிலைகளில் பேச விரும்புகிறேன். ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்ற நம் பழமொழியை எந்த மேடையிலும் நான் சொல்லாமல் இறங்குவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பழமொழிக்கு இவர் வாழ்க்கையைவிடச் சிறந்த சாட்சியை நான் கண்டதில்லை.

1946ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள், டென்னசி மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், ஸ்மோக்கி மலைத்தொடரை ஒட்டிய ஓர் ஏழை உழவர் குடும்பத்தில், பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தவர் டாலி. பிரசவம் பார்த்த மருத்துவருக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால், அவருடைய தந்தை ஒரு மூட்டை சோளமாவைக் கூலியாகக் கொடுத்தார். புகையிலை பயிரிட்டுப் பிழைத்த அந்தத் தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாயோ, மலைநாட்டின் பழைய கதைப்பாடல்களையும் விவிலியக் கதைகளையும் பிள்ளைகளுக்குப் பாடியும் சொல்லியும் வளர்த்தவர். மணி உதிர்த்த சோளக் கதிரின் கட்டையில் வீட்டில் செய்து கொடுத்த ஒரு பொம்மையைப் பற்றி, ஏறத்தாழ ஐந்து வயதில், டாலி தம் முதல் பாட்டைக் கட்டினார். அவருக்கு அப்போது எழுதத் தெரியாது. குழந்தை சொல்லச் சொல்லத் தாய்தான் எழுதி வைத்தார். பெரியோர்களே, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? அன்று ஒரு தாய் காது கொடுத்துக் கேட்டதன் பயனைத்தான் உலகம் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது.

பதின்மூன்று வயதில் நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையில் பாடினார். 1964இல் பள்ளிப் படிப்பை முடித்த மறுநாளே அந்த நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். 1967இல் போர்ட்டர் வேகனர் என்ற மூத்த பாடகர் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரைச் சேர்த்துக்கொண்ட பிறகு, நாடே அவரை அறிந்தது.

இந்த இடத்தில் ஒரு பாட்டின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஏழாண்டுகள் உடன் பாடிய பிறகு, தனி வழியில் போக வேண்டும் என்று டாலி விரும்பினார். போர்ட்டரோ விடுவதாக இல்லை. வளர்த்துவிட்டவரிடம் வாதாடிப் பயனில்லை என்று கண்ட டாலி, ஒரு நாள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து ஒரு பாட்டு எழுதினார். மறுநாள் போர்ட்டரின் அறைக்கு வந்து, நான் பாடுவதைக் கேளுங்கள் என்று சொல்லி, அதைப் பாடிக் காட்டினார். உங்களை விட்டுப் போகிறேன், ஆனால் உங்கள்மேல் வைத்த அன்பு போகாது என்பதுதான் அந்தப் பாட்டு. கேட்டவர் கண்ணீர் விட்டார். அந்தப் பாட்டின் ஒலிப்பதிவைத் தாமே தயாரிக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு விடை கொடுத்தார். ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ என்ற அந்தப் பாட்டு 1974இல் வெளிவந்து கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

கதை இங்கே முடியவில்லை. அந்தக் காலத்தில் பாட்டுலகின் மன்னராக விளங்கிய எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். எந்தப் பாடலாசிரியருக்குத்தான் கால் தரையில் பாவும்! ஆனால் ஒலிப்பதிவுக்கு முந்தைய நாள் எல்விஸின் மேலாளரிடமிருந்து தொலைபேசி வந்தது. பாட்டின் பதிப்புரிமையில் பாதியை எங்களுக்கு எழுதிக் கொடுத்தால்தான் அவர் பாடுவார் என்றார் மேலாளர். முப்பது வயதுகூட நிரம்பாத அந்தப் பெண், என் பாட்டு என் குடும்பத்துக்கு நான் விட்டுச் செல்லும் சொத்து, கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டு, இரவெல்லாம் அழுதார். பக்கத்தில் இருந்தவர்கள், வலிய வந்த சீதேவியைக் காலால் உதைக்கிறாயே என்றார்கள். ஆண்டுகள் உருண்டன. 1992இல் விட்னி ஹூஸ்டன் ஒரு திரைப்படத்துக்காக அதே பாட்டைப் பாடினார். அமெரிக்கப் பாடல் பட்டியலில் பதினான்கு வாரங்கள் அது முதலிடத்தை விட்டு இறங்கவில்லை. காரை ஓட்டிக்கொண்டிருந்தபோது வானொலியில் அதைக் கேட்ட டாலி, வண்டியை ஓரங்கட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. அன்று எழுதிக் கொடுக்க மறுத்த உரிமை முழுவதும் அவர் கையிலேயே இருந்தது. மாணவிகளே, நீங்கள் எழுதியதன் மதிப்பை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். எவ்வளவு பெரியவர் கேட்டாலும் கையெழுத்துப் போடுமுன் ஓர் இரவு யோசியுங்கள்.

தாய் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்த மேற்சட்டையைப் பள்ளியில் மற்ற பிள்ளைகள் கேலி செய்த நிகழ்ச்சியைப் பாட்டாக்க மனத்தில் வரிகள் ஓடியபோது, பயணப் பேருந்தில் தாள் இல்லாமல், போர்ட்டரின் உடைக்கான சலவைக் கடை ரசீதின் பின்புறத்தில் அவர் எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் குரலைவிட அவருடைய எழுத்தே பெரிது என்பது என் துணிபு.

தொழில் நடத்தியவர் என்ற இரண்டாம் நிலையைப் பற்றி, 1986இல் சொந்த மண்ணில் டாலிவுட் என்ற கேளிக்கைப் பூங்காவைத் தொடங்கி அந்த மலைநாட்டு மக்களுக்கு வேலை கொடுத்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் வந்த காரியம் மூன்றாவது நிலையில்தான் இருக்கிறது.

எழுத்தறியாத தம் தந்தை மிகுந்த அறிவாளி என்றும், படிக்கத் தெரியாத குறை அவரை வாழ்நாள் முழுவதும் வருத்தியது என்றும் டாலி பல முறை சொல்லியிருக்கிறார். அந்தத் தந்தையை நினைத்து, 1995இல் தாம் பிறந்த செவியர் வட்டாரத்தில், பிறந்தது முதல் ஐந்து வயது நிறையும் வரை ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் ஒரு புத்தகம் இலவசமாக வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் வரும் புத்தகம், மலையேற முயலும் ஒரு சின்ன ரயில் எஞ்சினின் கதை. ஏழையா பணக்காரரா என்று கேட்பதில்லை. உள்ளூர் அமைப்புகள் புத்தகச் செலவையும் அஞ்சல் செலவையும் ஏற்க, அவருடைய அறக்கட்டளை மற்ற ஏற்பாடுகளைக் கவனிக்கிறது. அஞ்சல் உறையின் மேல் எழுதியிருப்பது தகப்பன் பெயர் அன்று, குழந்தையின் பெயர். எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தைக்குத் தன் பெயரில் ஒரு தபால் வருகிறது! அந்தத் திட்டம் கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அயர்லாந்து நாடுகளுக்கும் பரவியது. 2018இல் பத்துக் கோடியாவது புத்தகம் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு வழங்கப்பட்டது. இன்று எண்ணிக்கை இருபது கோடியைக் கடந்துவிட்டது. பிள்ளைகள் தம் மகளைப் புத்தக அம்மா என்று அழைப்பதைக் கேட்டுப் பெருமைப்படவும் அந்தத் தந்தை உயிரோடு இருந்தார்.

பச்சைக் குழந்தை புத்தகத்தைக் கிழித்துவிடுமே என்பார்கள். கிழிக்கட்டும். கடித்துப் பார்க்கட்டும், தலைகீழாகப் பிடித்துப் படிக்கட்டும். ஆறு வயதில் முதன்முதலாகப் புத்தகத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு அது பரீட்சையின் முகமாகவே தெரிகிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பெரியவர்களை நோக்கிக் கேட்பதைவிட, ஐந்துக்குள் நாம் என்ன கொடுத்தோம் என்று நம்மையே கேட்க வேண்டும்.

சீர்காழி தந்த நூலக மேதை எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களின் முயற்சியால் 1948லேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. சொத்து வரியோடு நூலக வரியும் நாம் செலுத்துகிறோம். அப்படியிருக்க, நம் கிளை நூலகத்தில் மூன்று வயதுக் குழந்தை கையை நீட்டி எடுக்கும் உயரத்தில் ஓர் அலமாரிகூட இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. மாவட்ட நூலக அலுவலர் ஐயா அவர்கள் அந்தத் தாழ்வான அலமாரிக்கு அனுமதி வழங்க வேண்டும். நகராட்சித் தலைவர் அம்மையார் அவர்கள், ஒரே ஒரு வார்டை மாதிரியாக எடுத்துக்கொண்டு, அங்குள்ள அங்கன்வாடிக் குழந்தைகளின் பெயர்ப்பட்டியலை எங்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். புரவலர்கள் மாதம் ஒரு படக்கதைப் புத்தகத்தின் விலையை ஏற்றுக்கொண்டால், குழந்தையின் பெயரை எழுதி வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பை வாசகர் வட்ட இளைஞர்கள் ஏற்பார்கள். வீட்டிலேயே இருக்கட்டும், திருப்பிக் கேட்க வேண்டாம். இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அதைத் தலைவர் ஐயாவிடம் ஒப்படைத்து, முதல் கையெழுத்தை அவரே இடுமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.