கூடுதல் ஒரு மணி நேரம் பட்டறைக்கு வராது

கோவை, ஈரோடு வட்டாரத்துப் பொறியியல் ஆசிரியர்களுக்கு வணக்கமுங்க.

ஆட்டிசம், டிஸ்லெக்சியா (எழுத்தும் எண்ணும் படிக்க, எழுதத் தடுமாறுவது), ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமை) உள்ள பிள்ளைகளுக்குக் கல்லூரியில் என்ன ஏற்பாடு என்று கேட்டால், பரீட்சையில் கூடுதல் நேரம் என்பதுதான் முதல் பதில். மணிக்கு 20 நிமிடம்; மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி. ஆனால் அதே ஹாலில் உட்கார வைத்தால், மற்றவர்கள் எழுந்து போகும் சத்தத்திலேயே அந்த ஒரு மணி கரைந்துவிடும். தனி அறை வேண்டும். மத்தியானமும் தேர்வு இருந்தால் சாப்பிடவாவது நேரம் விட வேண்டுமுங்க.

எழுத்துத் தேர்வைத் தாண்டிய பையன் தடுக்கி விழுவது பட்டறையில். லேத் (கடைசல் இயந்திரம்) ஓடும் இரைச்சலில், "ஃபேசிங் முடி, 25-க்கு டர்னிங் எடு, நர்லிங் போடு, கடைசியில் சேம்ஃபர்" என்று நாலு கடைசல் வேலையை ஒரே மூச்சில் சொல்கிறோம். ஏடிஹெச்டி உள்ளவனுக்கு நடுவில் சொன்னது நழுவிவிடும். தெரியாமல் இல்லை, தங்கவில்லை. வரிக்கு ஒரு வேலை, அளவோடு அலகும், பக்கத்தில் டிக் அடிக்கக் கட்டம் என ஒரு அட்டை எழுதி மெஷினில் மாட்டுங்கள். முதல் வரி: "சக் கீயை (சக்கை இறுக்கும் சாவியை) எடுத்தாச்சா?"

இரைச்சல் தாங்காத மாணவருக்குக் காதுக்கவசம் கொடுத்தால் போதாது. டூல் அதிரும் சத்தமும், நீங்கள் "நிறுத்து" என்று கத்துவதும் சேர்ந்தே அமுங்கிவிடும். கம்ப்ரஸருக்குத் தள்ளி, ஓர மெஷினைக் கொடுங்கள். நிறுத்தச் சொல்லக் கைச்சைகை ஒன்றை முன்னாடியே பேசி வையுங்கள்.

டிஸ்லெக்சியா உள்ளவர் 12.56-ஐ 12.65 என்று எழுதிவிடலாம். வெர்னியர் அளவுகோலைப் படிப்பதே பயிற்சி என்றால் சரி. மற்ற பரிசோதனைகளுக்கு டிஜிட்டல் காலிப்பர் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ரெக்கார்டையும் டைப் செய்து தரட்டும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "இதைப் பத்திச் சொல்லு" என்றால் ஆட்டிசம் உள்ளவருக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது. கேள்வியைத் துல்லியமாகச் சீட்டில் எழுதிக் கொடுத்து இரண்டு நிமிடம் விடுங்கள். மதிப்பெண் அளவுகோல் அதேதான்.

இதெல்லாம் சான்றிதழ் காட்டியவருக்கு மட்டும் என்றால் பாதிப் பேர் வாயே திறக்க மாட்டார்கள். நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இடிக்குமே என்று வீட்டிலேயே மூடி வைப்பதும் நம்ம பக்கம் உண்டுங்க. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம், கற்றல் குறைபாடு (டிஸ்லெக்சியா இதில்தான் வரும்) உண்டு. ஏடிஹெச்டி பேர் சொல்லி இல்லை. அதனால் அட்டையை எல்லா லேத்திலும் மாட்டிவிடுங்கள், யாரும் கேட்டு வாங்க வேண்டாம். அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் சிவில் துறை, மாணவரை மாற்றப் பார்க்காமல் பாடத்தைத்தான் மாற்றியமைக்க முனைந்தது.

சான்றிதழ் உள்ளவரிடமும் ஒன்று பாருங்கள். அரசு விதிமுறைப்படி கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி வாங்க வேண்டும். 18-ல் வாங்குவதுதான் ஆயுளுக்கும். பள்ளியில் வாங்கியதை நம்பி வருபவர் முதல் வருடத்திலேயே மாட்டிக்கொள்வார். அட்மிஷன் அன்றே 18 நிறையும் தேதியைக் குறித்து வையுங்கள். செமஸ்டருக்கு முந்தின வாரம் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் காகிதம் கைக்கு வராதுங்க.