கோடு இருந்தால் ரயில் இருக்குமா?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாட்டில் ரயிலில் சுற்றத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் திறப்பது டிக்கெட் விற்கும் தளத்தைத்தான். எங்கிருந்து, எங்கே, என்றைக்கு என்று நிரப்புகிறார்கள். ஒன்றும் வராவிட்டால், சரி, ரயில் இல்லை என்று முடிவு கட்டி விமானத்தைத் தேடப் போய்விடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். தன்னிடம் விற்க டிக்கெட் இல்லை என்றுதான் அந்தத் தளம் சொன்னது. போக வழியே இல்லை என்று அது சொல்லவில்லை. வழி இருக்கிறதா என்பதை வரைபடத்தில் பார்க்க வேண்டும். அந்த வழியில் வண்டி ஓடுகிறதா என்பதைக் கால அட்டவணையில் பார்க்க வேண்டும். டிக்கெட் அதற்கும் அப்புறம். இந்த வரிசையை வலியுறுத்தத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நாம் தினமும் கைபேசியில் பார்க்கும் வரைபடம் இதற்குப் போதாது. அதில் சாலைக்குத்தான் முதல் மரியாதை. ரயில் பாதை மெல்லிய சாம்பல் கோடாக ஓரத்தில் கிடக்கும். ஓப்பன்ரயில்வேமேப் என்று ஒன்று இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது உலக வரைபடத்துக்காகத் தன்னார்வலர்கள் சேர்த்த தரவிலிருந்து உருவானது, காசு கிடையாது. முக்கியப் பாதை, கிளைப் பாதை, அதிவேகப் பாதை எல்லாம் தனித்தனி நிறத்தில் தெரியும். எந்தப் பாதையில் எவ்வளவு வேகம் அனுமதி, மின்மயமானதா, தண்டவாள அகலம் எவ்வளவு என்றுகூட மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஸ்பெயினின் பழைய பாதைகள் 1668 மில்லிமீட்டர் அகலம், பிரான்ஸில் 1435. எல்லையில் வண்டி மாற வேண்டியிருந்ததற்குப் பெரிய காரணம் இதுதான். அதிவேகப் பாதையை ஸ்பெயினும் 1435 அகலத்தில் போட்டதால்தான் 2013 டிசம்பரிலிருந்து பாரிஸிலிருந்து பார்சிலோனாவுக்கு நேரடி அதிவேக வண்டி ஓட முடிந்தது.

ஆனால் அந்த வரைபடம் காட்டுவது தண்டவாளத்தை, வண்டியை அல்ல. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பிரெனே மலையில் கான்ஃபிராங்க் என்ற ஊரைப் பெரிதாக்கிப் பாருங்கள். 1928-இல் திறந்த, சுமார் 240 மீட்டர் நீளமுள்ள பிரம்மாண்டமான நிலையக் கட்டடம். ஸ்பெயின் பக்கம் சரகோசாவிலிருந்து கோடு வருகிறது. மலையைக் குடைந்து பிரான்ஸ் பக்கம் போ நகரம் வரை போகிறது. பார்த்தவுடன், இந்த வழியாகவே எல்லையைக் கடந்துவிடலாமே என்று தோன்றும். 1970 மார்ச்சில் பிரான்ஸ் பக்கம் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டு பாலம் இடிந்தது. அதற்குப் பிறகு எல்லை தாண்டி ரயில் ஓடவில்லை. சரகோசாவிலிருந்து கான்ஃபிராங்க் வரை வண்டி உண்டு. அந்தப் பக்கம் பெதூ என்ற ஊர் வரை 2016-இல் மறுபடி விட்டார்கள். நடுவில் கிடக்கும் மலையைப் பேருந்தில்தான் கடக்க வேண்டும். இதைக் கால அட்டவணை சொல்லும். கோடு சொல்லாது.

மாட்ரிட்–லிஸ்பன் இன்னொன்று. இரண்டும் தலைநகரங்கள், இடையில் பாதையும் இருக்கிறது, நேரடி ரயில் இல்லை. ஓடிக்கொண்டிருந்த இரவு ரயில் 2020 மார்ச்சில் நின்றது, திரும்ப வரவில்லை. படாஹோஸ், எண்ட்ரொங்கமெண்டோ என்று வண்டி மாறி மாறித்தான் போக வேண்டும். போகவே முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். முழுப் பயணமாகத் தேடாமல் துண்டு துண்டாகத் தேடினால் வழி கிடைக்கும். எங்கே துண்டு போடுவது என்பதைத்தான் வரைபடம் கற்றுக்கொடுக்கிறது.

ரயில் நிறுவனங்களே வெளியிடும் வரைபடங்களும் உண்டு. அவை அழகாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் தங்கள் வண்டிகளை மட்டுமே காட்டும். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதையும் பல வரைபடங்கள் காட்டுவதில்லை. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போகும் சன்செட் லிமிடெட் வாரத்தில் மூன்று நாள்தான். வழியில் ஹூஸ்டனில் இறங்கி ஒரே ஒரு நாள் ஊர் சுற்றிவிட்டு மறுநாள் ஏறலாம் என்று கோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டால், மறுநாள் வண்டியே இருக்காது.

நகரங்களுக்குள் வந்தால் வேறு சிக்கல். 1933-இல் லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் வரைந்த படம் வந்ததிலிருந்து உலகெங்கும் மெட்ரோ வரைபடம் பெரும்பாலும் அந்தப் பாணியில்தான். நிலையங்களின் வரிசை சரியாக இருக்கும், தூரம் இருக்காது. லெஸ்டர் ஸ்கொயருக்கும் காவெண்ட் கார்டனுக்கும் இடையே சுமார் 260 மீட்டர்தான். படத்தைப் பார்த்து யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். அதனால் நகரத்துக்குள் மட்டும் ஒரு நிஜ வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக பாரிஸில். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வருகிறவர் கார் டு நோர் நிலையத்தில் இறங்குவார். லியோனுக்குப் போகும் வண்டி கார் டு லியோனில் நிற்கும். வேறு வேறு நிலையம், வேறு வேறு இடம். ஆர்இஆர் டி என்ற புறநகர் ரயில் பாதையில் இரண்டே நிறுத்தம்தான். ஆனாலும் பெட்டியோடு படியேறி இறங்க ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: பாரிஸுக்குள் போகத்தான் வேண்டுமா? நகரத்தைச் சுற்றிக்கொண்டு சார்ல் து கோல் விமான நிலையம் வழியாக ஒரு அதிவேகப் பாதை போகிறது. பிரஸ்ஸல்ஸிலிருந்து மார்செய்க்கு அதன் வழியே நேரடி டிஜிவி, அதாவது பிரெஞ்சு அதிவேக ரயில், இருக்கிறது. வரைபடம் பார்க்காதவர் பாரிஸில் இறங்கித் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறார். அவிஞோனில் ஊருக்குள் ஒரு நிலையம், ஊருக்கு வெளியே டிஜிவி நிலையம் ஒன்று. இப்படிப் பல ஊர்களில் உண்டு, டிக்கெட்டில் எந்த நிலையம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கால அட்டவணைக்கு வருவோம். 1873-இல் தாமஸ் குக் நிறுவனம் ஐரோப்பியக் கால அட்டவணையைப் புத்தகமாகப் போட ஆரம்பித்தது. 2013 ஆகஸ்டில் நிறுத்தியது. அதில் வேலை பார்த்தவர்களே 2014-இல் சொந்தமாகத் தொடர்ந்து நடத்த முன்வந்தார்கள். அவர்களுக்குப் பயணிகள் கடன்பட்டிருக்கிறோம். அந்தப் புத்தகத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு பாதை மேலும் ஓர் எண் இருக்கும், அந்த எண்ணுள்ள அட்டவணையைப் புரட்டினால் அந்தப் பாதையின் வண்டிகள். இதைவிடத் தெளிவான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. இரண்டு சுத்தியல்கள் குறுக்காகப் போட்ட சின்னம் இருந்தால் ஞாயிறும் பொது விடுமுறையும் தவிர மற்ற நாட்களில் மட்டும் என்று பொருள். ஞாயிற்றுக்கிழமை பயணத்தில் கையைக் கடிப்பது இந்தச் சின்னத்தைக் கவனிக்காமல் விடுவதுதான்.

இணையத்தில் என்றால் ஜெர்மன் ரயில்வேயின் தேடல் பக்கம். ஜெர்மனி தாண்டி ஐரோப்பாவின் பெரும்பகுதி வண்டிகளும் அதில் வரும், டிக்கெட் விற்காவிட்டாலும் நேரம் காட்டும். வண்டியை விரித்தால் இடையில் நிற்கும் ஊர்கள் எல்லாம் நேரத்தோடு இருக்கும். கடைசியாக அந்தந்த நாட்டு ரயில்வேயின் பக்கத்தில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

ஜப்பானில் வழி தேடும் செயலிகள் மிகத் துல்லியம். ஆனால் வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஜப்பான் ரயில் பாஸ் வாங்கியவர் நொஸொமி என்ற அதிவேகப் புல்லட் ரயிலில் ஏறத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். 2023 அக்டோபர் வரை, கூடுதல் பணம் கட்டினாலும் பாஸில் அனுமதி இருக்கவில்லை. நேவிடைம் போன்ற செயலியில் பாஸைத் தேர்ந்தெடுத்துத் தேடினால் கூடுதல் கட்டணம் இல்லாத வண்டிகளைத் தனியாகக் காட்டும். புல்லட் ரயில் நிற்பது ஷின்-ஒசாகாவில். ஒசாகா நிலையம் அங்கிருந்து இன்னொரு வண்டி.

ஐரோப்பாவில் புது அட்டவணை டிசம்பர் மாதம் இரண்டாவது சனிக்கிழமை நள்ளிரவில் அமலுக்கு வரும். கிறிஸ்துமஸ் சமயத்தில் போகிறவர்கள் கோடையிலேயே தேடிவிட்டு வண்டி இல்லை என்று மனம் தளர வேண்டாம். அப்போது அந்த நாட்களின் அட்டவணை ஏறியிருக்காது. இலையுதிர் காலத்தில் மறுபடி தேடுங்கள். அதுவரை அதே கிழமைக்கு ஒரு தேதியைப் போட்டுப் பார்த்துத் தோராயமாகத் திட்டம் போட்டு வைக்கலாம்.