கணக்கு எதுவரை வரும்?

நேயர்களுக்கு வணக்கம்.

புள்ளியியல் கற்றுக்கொடுத்தே காலத்தை ஓட்டியவன் நான். எதற்கும் 'கணக்கைக் காட்டு' என்று கேட்கிற ரகம். என்னைக் கூப்பிட்டு, 'எது நியாயம் என்று அறிவியல் சொல்லிவிடுமா?' என்று கேட்டிருக்கிறார்கள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். தனியாக நின்று சொல்லாது. ஆனால் வாய் மூடிக்கொண்டும் இருக்காது. இந்த இரண்டாவது பாதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு சம்பவம். இதை நான் சொல்லாத இடமில்லை. என் மனைவி இந்நேரம் வானொலியின் சத்தத்தைக் குறைத்திருப்பார்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரம். 1960-இல் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர், நோயாளியின் கையில் பொருத்தி அப்படியே விட்டுவைக்கக்கூடிய டெஃப்லான் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் டயாலிசிஸ் செய்ய ஒவ்வொரு தடவையும் ரத்தக்குழாயைப் புதிதாகத் திறக்க வேண்டும். சில தடவைக்கு மேல் இடமே மிஞ்சாது. குழாய் வந்ததும், சிறுநீரகம் அடியோடு கெட்டவரும் ஆண்டுக்கணக்கில் வாழலாம் என்றாயிற்று. நல்ல செய்திதானே? வினையே அங்கேதான் தொடங்கியது. 1962-இல் சிகிச்சை மையத்தைத் திறந்தார்கள். படுக்கைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். காத்திருந்தவர்களோ பலர். இடம் கிடைக்காதவர் பிழைக்க வழியில்லை.

டாக்டர்கள் முதலில் வடிகட்டினார்கள்: இவர் உடம்பு தாங்கும், அவர் உடம்பு தாங்காது என்று. அதுவரை அறிவியல். வடிகட்டிய பிறகும் ஆட்கள் அதிகம், படுக்கை குறைவு. என்ன செய்வது? ஏழு பேர் கொண்ட குழு போட்டார்கள். வழக்கறிஞர், பாதிரியார், வங்கிக்காரர், இல்லத்தரசி, அரசு அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர். பெயர் வெளியே தெரியாது. கல்யாணம் ஆனவரா, பிள்ளைகள் எத்தனை, என்ன வேலை, வருமானம் எவ்வளவு, தேவாலயம் போகிறவரா என்றெல்லாம் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கவனியுங்கள், கெட்டவர்கள் இல்லை அவர்கள். மனசாட்சிக்குப் பயந்துதான் உட்கார்ந்திருந்தார்கள்.

1968-இல் ஒரு மருத்துவரும் ஒரு சட்டப் பேராசிரியரும் இதை அலசி எழுதினார்கள். தங்களைப் போன்ற நடுத்தர வர்க்கத்தின் மதிப்பீடுகளை வைத்தே குழு ஆட்களை எடைபோட்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. பாருங்கள், யாரைப் பிழைக்க வைப்பது என்பதற்கு அந்த அலசல் விடை சொல்லவில்லை. நியாயம் என்ற பெயரில் உள்ளே என்ன நடந்தது என்பதைத்தான் காட்டிக்கொடுத்தது. அது சின்ன வேலையா?

1972-இல் சட்டம் வந்தது. சிறுநீரகம் செயலிழந்த ஏறத்தாழ எல்லோருடைய சிகிச்சைச் செலவையும் அரசுக் காப்பீடு ஏற்றது. குழுவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. உடனே அடுத்த கேள்வி: சிறுநீரகத்துக்கு உண்டு, மற்ற நோய்க்கு ஏன் இல்லை?

இதையே வீட்டுக்குள் கொண்டுவருகிறேன். 'அடித்தால்தான் பிள்ளை திருந்தும்' என்கிறோம். நீதி மாதிரி ஒலிக்கிறது, ஆனால் உள்ளே ஒளிந்திருப்பது ஒரு தகவல். தகவல் என்றால் சோதிக்கலாம். 2016-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, ஏறக்குறைய 1,60,000 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கலும்தான் கூடுதலாகத் தெரிந்தன. சேர்ந்து வருவதெல்லாம் காரணம் ஆகிவிடாது என்பேன், அது என் தொழில் புத்தி. ஆனாலும் அடித்தால்தான் திருந்தும் என்று இனி அடித்துச் சொல்ல முடியாது. சாக்கு போய்விட்டது. அப்புறம் மிஞ்சுவது ஒரே கேள்வி: ஒருவேளை அடித்தால் திருந்தும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போது அடிக்கலாமா? இதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1740-லேயே இதைப் பிடித்துவிட்டார். 'இருக்கிறது, இருக்கிறது' என்று எழுதிக்கொண்டே வருகிறவர்கள், திடீரென்று 'வேண்டும்' என்று முடிக்கிறார்களே, இடையில் பாலம் எங்கே என்று கேட்டார்.

அமெரிக்க உளவியலாளர் மில்கிராமின் மின்னதிர்ச்சிச் சோதனையைப் பற்றி விரிவாகப் பேசக் குறிப்பு எடுத்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். சரி, சுருக்கமாக: உத்தரவுக்குப் பணிந்து, பக்கத்து அறையில் இருப்பவர் மீது 450 வோல்ட் பாய்ச்சுவதாக நம்பி, 40 பேரில் 26 பேர் கடைசிவரை போனார்கள். மின்சாரம் பொய், அவர்கள் பட்ட தவிப்பு நிஜம். மனிதரைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள மனிதரை இப்படி ஏமாற்றலாமா என்ற சண்டை அன்றே தொடங்கிவிட்டது. அதை இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன். வணக்கம்.