ராத்திரி மட்டும் கடற்கரையில் கிடக்கட்டுமே: விட்டுப்போன நாற்காலிக்கு என்ன ஆகும்?

[காட்சி: இருட்டத் தொடங்கும் கடற்கரை. ஆளில்லாத மடக்கு நாற்காலி, சாய்ந்த குடை, ஒரு துண்டு.]

நாளைக் காலையும் இதே இடத்துக்குத்தான் வரப்போகிறோம். நாற்காலி, குடை, கூடாரம் எல்லாவற்றையும் அறைவரை சுமந்துகொண்டு போய், விடிந்ததும் திரும்பச் சுமந்து வர வேண்டுமா? இங்கேயே கிடக்கட்டுமே. யார் எடுக்கப்போகிறார்கள்?

கடற்கரையில் இரண்டு நாள் சேர்ந்தாற்போலத் தங்கிய பலருக்கும் இந்த யோசனை வந்திருக்கும். யார் எடுக்கப்போகிறார்கள் என்ற கேள்விக்குப் பல ஊர்களில் நேரான பதிலே இருக்கிறது: உள்ளாட்சி நிர்வாகத்தின் துப்புரவு வண்டி. ராத்திரி ஆளில்லாமல் கிடக்கும் பொருளை அகற்றும் விதி உலகின் பல கடற்கரைகளில் உண்டு. இந்த வீடியோவில் அந்த விதி ஏன் வந்தது, எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

[காட்சி: மணலில் ஏறும் அலை. வேகமாக ஓட்டப்பட்ட காட்சி.]

முதலில் கடல். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை இறங்கும். பாடப்புத்தகத்தில் ஓதம் என்று படித்திருப்போம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையில் சுமார் 12 மணி 25 நிமிடம். அப்படியானால், மாலை 6 மணிக்கு நீர் நன்றாக இறங்கியிருந்தால், நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் முழு ஏற்றம்.

இதில் நாம் தவறவிடுவது மணலின் சரிவை. 50 மீட்டர் நடந்தால் 1 மீட்டர்தான் உயரும் என்கிற மாதிரித் தட்டையான கரையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நீர்மட்டம் வெறும் 1 மீட்டர் உயர்ந்தால், கடல் 50 மீட்டர் உள்ளே வந்துவிடும். மாலையில் "கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது பார்" என்று சொல்லி வைத்த நாற்காலி, ராத்திரி முழங்காலளவு நீரில் நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் இன்னும் அதிகம்.

காற்றும் சும்மா இருக்காது. பகலில் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று, இரவில் நிலம் குளிர்ந்ததும் பெரும்பாலும் திசை மாறிக் கரையிலிருந்து கடலுக்கு வீசும். காற்றடைத்த மிதவை, பிளாஸ்டிக் பந்து மாதிரி லேசான பொருட்களை அது கடல் பக்கம் உருட்டிக்கொண்டு போகும். காலையில் அது காணாமல் போனால் நாம் யாரையோ சந்தேகப்படுவோம்.

[காட்சி: சிவப்பு விளக்கின் மங்கிய ஒளியில், மணலில் ஊர்ந்து ஏறும் கடலாமை.]

இனி வருவது இந்த விஷயத்தின் முக்கியமான பகுதி. இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

கடலாமை தன் வாழ்நாள் முழுவதும் நீரில்தான். முட்டையிட மட்டும் பெண் ஆமை கரையேறும், அதுவும் பெரும்பாலும் இரவில். பெருந்தலை ஆமை என்ற இனம் பெரும்பாலும் 100 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். நீரில் பறப்பதுபோல நீந்துகிற உடம்பு, மணலில் துடுப்பு மாதிரியான கைகளால் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு நகர வேண்டும். வழியில் ஒரு நாற்காலி. பின்னால் நகர்ந்து வேறு வழி பார்ப்பது அதற்கு எளிதல்ல. நாற்காலியின் காலிடுக்கில் மாட்டிக்கொள்ளலாம், கூடாரக் கயிற்றில் சிக்கலாம். பல நேரம் தடையில் முட்டியதும் முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிவிடும். காலையில் ஆமைகளைக் கணக்கெடுக்க வருபவர்கள் பார்ப்பது மேலே வந்து வெறுமனே திரும்பிய தடத்தை மட்டும்தான்.

முட்டையிட்டுவிட்டால் பிரச்சினை முடிந்ததா? இல்லை. ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இருக்கும். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, அதுவும் பெரும்பாலும் ராத்திரியில், குஞ்சுகள் மணலைக் கிளறிக்கொண்டு வெளியே வரும். ஒவ்வொன்றும் சுமார் 5 சென்டிமீட்டர். அதற்கு நம் குளிர்பெட்டி ஒரு கோட்டைச் சுவர். பிள்ளைகள் பகலில் ஆசையாகத் தோண்டிய குழி ஒரு கிணறு. உள்ளே விழுந்த குஞ்சு ஏற முடியாமல் நண்டுக்கோ பறவைக்கோ இரையாகும். நாற்காலியை எடுத்துப் போகச் சொல்லும் விதிப் பலகைகள் பலவற்றில் "குழியை மூடுங்கள்" என்ற வரியும் சேர்ந்தே இருப்பது இதனால்தான்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஆமை முட்டையிடும் காலம் கரைக்குக் கரை மாறும். தென்கிழக்குக் கரையில் மார்ச் 1 தொடங்கும், மற்ற பகுதிகளில் மே 1. இரண்டுமே அக்டோபர் 31 வரை. பக்கத்து மாநிலமான அலபாமாவில் கல்ஃப் ஷோர்ஸ், ஆரஞ்ச் பீச் என்ற இரண்டு கடற்கரை ஊர்களில், "கால்தடம் மட்டும் மிஞ்சட்டும்" என்ற பொருளில் ஒரு இயக்கமே நடக்கிறது. ராத்திரி மணலில் விட்டுப்போன கூடாரமும் நாற்காலியும் அங்கே அகற்றப்படும்.

[காட்சி: விடியற்காலை. மணலை வாரும் இயந்திரத்தை இழுத்துப் போகும் டிராக்டர்.]

டிராக்டரைப் பற்றிச் சுருக்கமாக. நாம் தூங்கும்போது மணலைச் சல்லடையிட்டுக் குப்பை வாரும் இயந்திரம் ஓடும், மீட்பு வண்டியும் ரோந்து வண்டியும் போகும். இருட்டில் ஒரு கூடாரம் தெரிந்தால், உள்ளே யாராவது படுத்திருக்கிறார்களா என்று இறங்கிப் பார்க்காமல் ஓட்டுநரால் தாண்ட முடியாது. அவசரமாகப் போகும் மீட்பு வண்டிக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று யோசித்துப் பாருங்கள்.

[காட்சி: மேலிருந்து பார்க்கும் கோணம். வரிசையாக விரித்த துண்டுகள், ஒருவரையும் காணோம்.]

அப்புறம் மனிதர்கள் விஷயம். துண்டு போட்டு இடம் பிடிக்கும் கலைக்கு எல்லை கிடையாது. முதல் நாள் ராத்திரியே நாற்காலியை நட்டுவிட்டு, மறுநாள் பத்து மணிக்குச் சாவகாசமாக வருபவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். இத்தாலியில் 2016 கோடையில் கடலோரக் காவல் படை இப்படிக் கிடந்த நாற்காலி, குடை, துண்டுகளைக் கைப்பற்றியது. இந்தக் குற்றத்துக்கு அப்போது அபராதம் 200 யூரோ. "அந்தத் துண்டு என்னுடையது" என்று கேட்டு வருபவர், தானாகவே வந்து மாட்டிக்கொள்வார்! எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கரை எல்லோருக்கும் பொது என்ற எண்ணம் மிகப் பழையது. கி.பி. 533-இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட ரோமானியச் சட்டத் தொகுப்பு, காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை இயற்கை நியதிப்படி அனைவருக்கும் பொது என்கிறது. குளிர்காலத்தின் மிகப் பெரிய அலை எதுவரை ஏறுமோ அதுவரை கரை என்று எல்லையும் சொல்கிறது.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கரையில் யார் வேண்டுமானாலும் குடிசை போடலாம், வலை உலர்த்தலாம் என்றும் அதே சட்டம் அனுமதித்தது. குடிசை நிற்கும்வரை இடம் அவருடையது, சரிந்து விழுந்தால் இடம் மறுபடி பொது. "அப்படியென்றால் என் கூடாரம் நிற்கும்வரை இடம் என்னுடையதுதானே?" என்று யாராவது வாதாடலாம். நல்ல வாதம்தான். இன்றைய கடற்கரை விதிகள் அதை ஏற்பதில்லை. இவை பார்ப்பது பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்பதை. என் கணக்கில் இதுதான் நியாயம். கூட்டம் பெருகிய கரையில், வராதவருக்காக வந்தவர் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

[காட்சி: கடற்கரை நுழைவாயிலில் உள்ள அறிவிப்புப் பலகை.]

சரி, புதிதாக ஒரு கடற்கரைக்குப் போகிறீர்கள். விதியை எப்படித் தெரிந்துகொள்வது? நுழைவாயில் பலகையில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எத்தனை மணிக்குள் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் பொருள் எங்கே போகும், திரும்பப் பெற முடியுமா. சில இடங்களில் முதலில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுவார்கள். சில இடங்களில் எடுத்து வைத்திருந்து, கட்டணம் கட்டினால் தருவார்கள். வேறு சில இடங்களில் நேராகக் குப்பை வண்டிதான். பலகை இல்லாவிட்டால் உயிர்காப்பாளரைக் கேளுங்கள்.

"வாடகை நாற்காலிகள் மட்டும் ராத்திரி அங்கேயே அடுக்கியிருக்கிறதே?" என்று கேட்பீர்கள். அந்தக் கடைக்காரர்கள் பெரும்பாலும் உரிமம் வாங்கியவர்கள். எங்கே அடுக்கலாம் என்பதும் உரிமத்திலேயே இருக்கும். மீனவர்களின் படகும் வலையும் தொழில் சார்ந்தவை, அவற்றுக்கு நடைமுறை வேறு. கூடாரத்திலேயே படுத்துத் தூங்குவது முகாமிடுதல் என்ற தனிக் கணக்கில் வரும், பல இடங்களில் அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. அலை எட்டாது, யார் கண்ணிலும் படாது என்று பொருட்களை மேலே மணல்மேட்டுச் செடிகளுக்குள் செருகி வைப்பார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்தப் புல்லும் கொடியும்தான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன, பல கடற்கரைகளில் மேட்டில் கால் வைப்பதே தடை.

ஒருவேளை மறந்துபோய் விட்டுவிட்டு, காலையில் போய்ப் பார்த்தால் எதுவும் இல்லை. உடனே திருட்டுப் புகார் கொடுக்க ஓட வேண்டாம். முதலில் கடற்கரையைப் பராமரிக்கும் அலுவலகத்தைக் கேளுங்கள், அடுத்து உயிர்காப்பாளர் கூடத்தை. பயணக் காப்பீடு இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருக்காதீர்கள். கவனிப்பாரின்றிப் பொது இடத்தில் விட்ட பொருளுக்கு இழப்பீடு இல்லை என்று பல காப்பீடுகளின் நிபந்தனையிலேயே இருக்கும்.

[காட்சி: காலையில் காலியான மணல். நீரை நோக்கிப் போகும் சின்னஞ்சிறு தடங்கள்.]