கயிற்றில் ஏறி வந்த கங்கா

வணக்கம். ரங்கூனிலிருந்து பேசுகிறேன். முகம் இருட்டாகத் தெரிந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், கரண்டு போய் ஒரு மணி நேரமாகிறது. சார்ஜ் விளக்கை அரிசி டப்பா மேல் நிறுத்தியிருக்கிறேன். ஃபோனில் 40 சதவீதம் இருக்கிறது, அது இறங்குவதற்குள் இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பின்னால் கேட்கிற சத்தம் பக்கத்துக் கட்டிடத்து ஜெனரேட்டர். பழகிக்கொள்ளுங்கள், நாங்கள் பழகிவிட்டோம்.

இதோ, இதுதான். அட்டை எப்போதோ போய்விட்டது, காலண்டர் தாளை மடித்து நான் போட்ட அட்டை இது. ஜெயகாந்தன் எழுதிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கிய நாவல். படமாகப் பார்த்தவர்கள் இருப்பீர்கள், 1977இல் வந்தது, லட்சுமிக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். எங்கள் சித்தப்பா மெட்ராசுக்கு வைத்தியத்துக்குப் போனபோது மருந்துப் பைக்குள் செருகிக் கொண்டுவந்தார். இங்கே தமிழ் நாவல் நினைத்த நேரத்தில் கடையில் கிடைக்கும் பொருள் இல்லை. யாராவது போய் வந்தால்தான் உண்டு. அதனால் ஒரு பிரதி வந்துவிட்டால் அது ஒரு வீட்டுக்குச் சொந்தமாக இருக்காது, தெருவே படிக்கும்.

எங்கள் கட்டிடத்தை நீங்கள் பார்த்ததில்லை, அல்லவா? டவுனுக்குள் பழைய வீடுகள் பலவும் இப்படித்தான். லிஃப்ட் கிடையாது, நான் இருப்பது ஐந்தாம் மாடி. பால்கனிக்கு ஒரு கயிறு தெருவரை தொங்கும். கீழே கிளிப், மேலே மணி. பேப்பர் போடுபவரோ கடைப் பையனோ வந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும், கிளிப்பில் மாட்டியதை நாம் தூக்கிக்கொள்வோம். இந்த நாவல் மூன்று மாதமாக இந்தக் கயிறுகளில்தான் ஏறி இறங்குகிறது. மழைக்காலம் வேறு, பிளாஸ்டிக் பையில் போட்டு இரண்டு முடிச்சு. ஒரு நாள் பை நழுவி, கீழே மொய்ங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், விற்கிற அம்மாவின் குடை மேல் போய் விழுந்தது. அவர் பர்மாக்காரர். துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டு, “இவ்வளவு கனமா இருக்கே, என்ன கதை?” என்று கேட்டார். நான் மேலே நின்றுகொண்டு கத்திச் சொல்லக்கூடிய கதையா அது? “ஒரு குடும்பத்துக் கதை” என்றேன். அதுவும் பொய் இல்லை.

முடிவுவரை சொல்லப்போகிறேன். படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் படித்துவிட்டு வாருங்கள்.

முதலில் ஜெயகாந்தனின் ஒரு சிறுகதை வந்தது. 1966, ஆனந்த விகடன், ‘அக்கினிப் பிரவேசம்’. மழையில் பஸ்ஸுக்கு நிற்கிற கல்லூரிப் பெண், ஒரு கார் வந்து நிற்கிறது, ஏறுகிறாள், நடக்கக்கூடாதது நடந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா பதறுகிறாள், ஆனால் கடைசியில் மகள் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி விஷயத்தை அதோடு முடித்துவிடுகிறாள். இதற்குத் தமிழ்நாட்டில் பெரிய சண்டை. ஒரு தாய் எப்படி இதை மூடி மறைக்கலாம் என்று ஒரே கொதிப்பு. சரி, நீங்கள் கேட்கிற மாதிரியே அந்தத் தாய் ஊரைக் கூட்டியிருந்தால் அப்புறம் என்ன ஆகும், பாருங்கள் என்று எழுதிக் காட்டியதுதான் இந்த நாவல்.

இதில் அம்மா கனகம் அலறுகிறாள். விஷயம் வெளியே போய்விடுகிறது. அண்ணன் கணேசன் தங்கை கங்காவை வீட்டை விட்டு விரட்டுகிறான். தஞ்சாவூரிலிருந்து தாய்மாமன், வெங்கு மாமா, வக்கீல், வந்து கூட்டிக்கொண்டு போய்ப் படிக்க வைக்கிறார். கங்கா நல்ல உத்தியோகத்துக்கு வருகிறாள். பல வருஷம் கழித்து அந்தக் கார்க்காரன் பிரபுவை அவளே தேடிக் கண்டுபிடிக்கிறாள். அவனுக்கு மனைவி, வளர்ந்த மகள் எல்லாம் இருக்கிறார்கள். கடைசியில் அவனும் விலகிப் போய்விட, கங்கா குடியில் இறங்குகிறாள். கதை அங்கேயே விட்டுவிடுகிறது.

இன்னொன்று, அந்தச் சிறுகதையே நாவலுக்குள் வருகிறது. ஆர்.கே.வி. என்று ஓர் எழுத்தாளர், அவர் எழுதியதாகப் பத்திரிகையில் வருகிறது. கங்கா படித்துவிட்டு, தன் கதை அல்லவா இது என்று திடுக்கிடுகிறாள். அம்மாவும் படிக்கிறாள். தண்ணீர் ஊற்றிய அம்மாவின் கதையை, ஊற்றாத அம்மா உட்கார்ந்து படிக்கிறாள். என்னைக் கேட்டால் மொத்த நாவலிலும் இந்த இடத்துக்கு மேல் எதுவும் இல்லை.

இப்போது எங்கள் ஆட்கள்.

இரண்டாம் மாடியில் தையல் அக்கா. அவர் படித்த பக்கம் எது என்று கேட்கவே வேண்டாம், துணியில் போடுகிற நீலச் சாக்பீஸால் ஓரத்தில் கோடு இழுத்திருப்பார். இங்கே பாருங்கள், கனகம் வருகிற பக்கமெல்லாம் நீலம். புத்தகத்தைத் திருப்பி அனுப்பிய அன்று கையில் ஊசி நூலோடு மூன்று மாடி ஏறி வந்தார், மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “அந்தக் கார்க்காரன் பண்ணினது அரை மணி நேரப் பாவம்டி. பெத்தவ பண்ணினது பன்னெண்டு வருஷப் பாவம்.” வருஷக் கணக்கு அவருடையது. எனக்கு அந்தப் பேச்சு முழுக்கச் சம்மதமில்லை. அரை மணி நேரப் பாவம் என்று கார்க்காரனை இவ்வளவு சல்லிசாக விட்டுவிடலாமா? அன்று ராத்திரி அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் சண்டை போட்டோம்.

எதிர்க் கட்டிடத்துத் தாத்தாவுக்கு வயது எண்பது தாண்டிவிட்டது. அவர் பால்பாயின்ட் பேனாவால் எழுதுவார், புத்தகத்தில் எழுதக்கூடாது என்று சொன்னால் காது கேட்காது. கணேசன் வாயைத் திறக்கிற இடத்திலெல்லாம் ஓரத்தில் ‘மடையன்’ என்று எழுதியிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், ஏழு மடையன். நான் சொன்னேன், “தாத்தா, 1966இல் நீங்கள் இளவட்டம்தானே, அப்போதே இந்தச் சண்டையைப் பற்றிக் கேள்விப்படவில்லையா?” என்று. அவர் சிரித்தார். 1964 மார்ச்சில் இங்கே பர்மா அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. அப்புறம் கப்பல் கப்பலாக நம் சனம் ஊர் திரும்பியது. “அங்கே ஒரு பொண்ணு தலையில தண்ணி ஊத்தலாமா கூடாதான்னு அடிச்சுக்கிட்டாங்க. நாங்க இங்க யார் கப்பல் ஏறுறது, யார் நிக்கிறதுன்னு அடிச்சுக்கிட்டோம்” என்றார். அவருடைய அண்ணன் 65இல் கப்பல் ஏறியவர். இவர் நின்றுவிட்டார். பிறகு கடிதப் போக்குவரத்தே இல்லை. ஏழு மடையனில் எத்தனை கணேசனுக்கு, எத்தனை அந்த அண்ணனுக்கு என்று நான் கேட்கவில்லை.

என் அண்ணிக்கு ஒரே கோபம் கங்கா மேல். “கையில சம்பளம் இருக்கு, தனியா நிக்கத் தெரியுது, அப்புறம் எதுக்கு அவனையே தேடிப் போறா?” என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். மாமா சவால் விட்டதனால்தான் அவள் தேடிப் போகிறாள் என்று நான் சொன்னால், “எவனோ சவால் விட்டா?” என்கிறார். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கட்டிலில் எறிந்தாராம். இதன் தொடர்ச்சியாக ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று ஜெயகாந்தன் 1978இல் எழுதியிருக்கிறார் என்றதும் முகம் மாறிவிட்டது. “அதுல குடியை நிறுத்துறாளா?” என்று கேட்டார். அடுத்து யார் மெட்ராஸ் போகிறார்கள் என்று இப்போது அண்ணிதான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

சரி, மாமாவுக்கு வருகிறேன்.

வெங்கு மாமா படிக்க வைத்தவர். ஊரில் பெரிய மனிதர், சாஸ்திரம் பேசுபவர். அந்த மாமாவுக்குக் கங்கா மேல் இருக்கிற கண் வேறு. நீ யாருக்கும் மனைவியாக முடியாது, வேண்டுமானால் வைப்பாட்டியாக இருக்கலாம் என்கிற மாதிரி பேசுகிறவர். கார் ஒரு நாள் வந்து போனது. இவர் வருஷக்கணக்காக வீட்டுக்குள் வந்து போகிறார், அதுவும் கும்பிட்டு வரவேற்க வேண்டிய உறவு. இந்தக் குடும்பத்தில் எனக்கு இருட்டாகத் தெரிவது அதுதான்.

ஆனால் பாருங்கள், தையல் அக்கா அவரைப் பற்றிப் பேசவில்லை. தாத்தா அவர் பக்கத்தில் ஒரு ‘மடையன்’கூட எழுதவில்லை. அண்ணி “எவனோ” என்று சொல்லித் தள்ளிவிட்டார். ஏன், நானே இந்த வீடியோவுக்காக முதலில் எழுதி வைத்த குறிப்பில் மாமா பெயர் இல்லை. அம்மா, அண்ணன், பிரபு, எழுத்தாளர் எல்லாம் இருந்தார்கள்.

கேட்டது ஒரே ஒரு ஆள். கோயில் தமிழ் வகுப்பில் எங்களோடு இருக்கிற தங்கச்சி, பத்தொன்பது வயது. பேசுவது நல்ல தமிழ், படிப்பது எழுத்துக் கூட்டித்தான். அதுவும் இந்த நாவல் பிராமண வீட்டுப் பேச்சில் ஓடுகிறது. “அக்கா, மன்னின்னா மன்னிப்பா?” என்று கேட்டாள். இல்லையம்மா, நம் மதினிதான் அங்கே மன்னி என்றேன். அப்படித் தடவித் தடவிப் படித்தவள் ஒரு நாள் வகுப்பு முடிந்து, எல்லாரும் செருப்பு மாட்டுகிற நேரத்தில், என் பக்கத்தில் வந்து, “அக்கா, கார் வர்ற இடத்துல எனக்குப் பயமே வரல. மாமா வர்ற இடத்துலதான் வந்துச்சு. ஏன் யாரும் அதைச் சொல்லல?” என்றாள். நான் “பஸ் வந்துடும், வா” என்றேன். அதுதான் என் பதில். கேவலமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் எங்கள் உறவில் ஒரு காது குத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். மாலை, புது லுங்கி, தட்டு நிறைய சீர். நல்ல மனிதர் அவர், குழந்தை அழுதபோது அவர் கண்ணும் கலங்கிவிட்டது. தாய்மாமன் என்ற சொல்லை நாம் அப்படி ஒரு இடத்தில் வைத்திருக்கிறோம். அங்கே அழுக்கு இருக்கும் என்று சொல்ல நாக்கு எழாது. ஜெயகாந்தன் வேண்டுமென்றே அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார் என்று நினைக்கிறேன். அவர் ஒரு சித்தப்பாவையோ குடும்ப நண்பரையோ வைத்திருந்தால் நாங்கள் எல்லாரும் வாய் கிழியத் திட்டியிருப்போம்.

இன்னொன்று காட்டுகிறேன், விளக்கைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவருகிறேன். புத்தகத்தை மூடிவிட்டு இந்த ஓரத்தைப் பாருங்கள். பக்கங்களின் விளிம்பு பழுப்பு. நடுவில் இங்கே கறுப்பாக ஒரு பட்டை தெரிகிறதா? கட்டைவிரல் அழுக்கு, லப்பெத்தொ என்கிற தேயிலைக் கலவையின் எண்ணெயும் சேர்ந்தது. பிரித்தால் எல்லாம் மாமா வருகிற பக்கங்கள். சாக்பீஸ் கோடு இல்லை, பேனா இல்லை, மடிப்பு இல்லை. ஆனால் எல்லாருமே அங்கே திரும்பத் திரும்ப வந்து போயிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் அந்தத் தங்கச்சியை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். இந்தப் பட்டையை அவளுக்குக் காட்ட வேண்டும். அவள் கேட்டது கதையைப் பற்றி மட்டும்தானா என்பதையும் கேட்க வேண்டும், பஸ் வந்துவிடும் என்று சொல்லாமல்.

கடைசியாக நாலாம் மாடிச் சின்னம்மா. அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, பள்ளிக்கூடத்தில் படித்தது பர்மிய எழுத்துதான். அதனால் நான் தினம் ஒரு அத்தியாயம் வாசித்து வாய்ஸ் அனுப்புவேன். கரண்டு இருக்கிற நேரம் பார்த்து அனுப்ப வேண்டும், அது ஒரு வேலை. சின்னம்மா சமைத்துக்கொண்டே கேட்பார். யாரையும் திட்டவில்லை, யாருக்கும் பரிந்தும் பேசவில்லை. நல்ல கதையா கெட்ட கதையா என்றும் சொல்லவில்லை. நேற்றுதான் கடைசி அத்தியாயத்தை அனுப்பினேன். இன்று காலையில் கயிற்று மணி அடித்தது. இழுத்துப் பார்த்தால் ஒரு டப்பாவில் கருவாட்டுக் குழம்பு. குனிந்து பார்த்தேன், அவர் பால்கனியிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன்டி, அந்தப் பொண்ணு மழையில நனைஞ்சு வந்தாளே, அன்னைக்கு ராத்திரி அவளுக்கு யாராச்சும் சோறு போட்டாங்களா? நீ வாசிக்கும்போது விட்டுட்டியா?”

விட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடித்துச் சொல்ல முடியவில்லை. மத்தியானத்திலிருந்து முதல் பக்கங்களைத் திரும்ப வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாதிதான் ஆகியிருக்கிறது, அதற்குள் கரண்டு போய்விட்டது. ஃபோனை இதோடு வைத்துவிட்டு, இந்த விளக்கைப் புத்தகத்துக்குத் திருப்பிக்கொள்கிறேன்.