கவண் கல்லும் நிலாவும்

(எங்கள் ஊர்க் கிளை நூலக ஆண்டு விழாவில் பேசியது. கேட்டவர்கள் எழுத்தில் வேண்டும் என்றதால் எழுதித் தந்திருக்கிறேன்.)

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம். தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்கள் காலையில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறார். அவருக்கு நன்றி. முன்னிலை வகிக்கும் தலைமை ஆசிரியை அம்மா அவர்கள் என்னிடம் படித்தவர் என்று வரவேற்புரையில் சொன்னார்கள். இரண்டு வருடம்தான் என் வகுப்பில் இருந்தார். மற்றதெல்லாம் அவராகப் படித்து உயர்ந்தது. பந்தல் போட்டுக் கொடுத்த வணிகர்களுக்கும், மைக்செட்டுக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்ட தம்பிக்கும் வணக்கம். நூலகர் அம்மாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். மழை வந்தால் ஒழுகுகிற பக்கத்தில் தார்ப்பாய் கட்டி, ராத்திரி எட்டு மணிக்கு வந்து புத்தகங்களை நகர்த்தி வைக்கிறவர் அவர். நம் பிள்ளைகள் படிக்கிற ஒவ்வொரு பக்கத்திலும் அவர் உழைப்பு இருக்கிறது.

சரி, எனக்குக் கொடுத்த தலைப்பு 'வட்ட இயக்கமும் ஈர்ப்பு விசையும்'. மூன்று கேள்விகளைப் பேசலாம் என்று குறித்து வந்தேன். வளைவில் பஸ் திரும்பும்போது நம்மை வெளியே தள்ளுவது யார்? நிலா ஏன் நம் தலையில் விழவில்லை? விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் ஏன் மிதக்கிறார்கள்?

இந்த மூன்றுக்கும் விடை பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று நம் பெரியவர்கள் சொன்னதைத்தான் நான் முப்பத்தோரு வருடம் வகுப்பில் நின்று பார்த்தேன். ஒரு சம்பவம் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எந்தப் பள்ளி என்பது வேண்டாம். ஆய்வகம் என்று பலகை மாட்டிய ஓர் அறை இருந்தது. அதற்குப் பெரிய பூட்டு. சாமான் உடைந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் சாவியைத் தரமாட்டார்கள். ஒருநாள் ஆய்வுக்கு அதிகாரி வந்தார். நான் கரும்பலகையில் வட்டம் வரைந்து, மையநோக்கு விசை, அதாவது சுற்றுகிற பொருளை மையத்தை நோக்கி இழுக்கிற விசை, நடத்திக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் நின்று கேட்டுவிட்டு, பிள்ளைகளைப் பார்த்து ஒரு கேள்வி போட்டார். "கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றுகிறேன். கயிறு அறுந்தால் கல் எந்தப் பக்கம் போகும்?"

முதல் பெஞ்சு முழுக்கக் கை தூக்கியது. "வெளிப்பக்கம் போகும் சார், மையத்தை விட்டு நேர் எதிரே!" எல்லோருக்கும் அதே பதில். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அதிகாரி என்னைப் பார்த்தார். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். "இல்லீங்க சார். கல்லு பக்கவாட்டுல போகும்."

பேசியவன் சோளக்காட்டில் குருவி ஓட்டிவிட்டு, பாதி நாள் தாமதமாகப் பள்ளிக்கு வருகிற பையன். இயற்பியலில் நாற்பது மார்க்கைத் தாண்டியதில்லை. "எப்படிடா சொல்றே?" என்றார் அதிகாரி. "கவண் வீசறப்ப குருவிக்கு நேரா கை இருக்கும்போது விட்டா படாதுங்க. கல்லு சுத்தி வந்து, குருவி இருக்கிற பக்கமாப் போகத் திரும்புற நேரம் பாத்து விடணும். அப்பதான் நேரா போய்ப் படும்" என்றான்.

"கவண் இருக்கா?" என்று கேட்டார். பையன் தயங்கினான். அப்புறம் டவுசர் பையிலிருந்து எடுத்தான், கத்தாழை நாரில் பின்னியது. வகுப்பு மொத்தமும் மைதானத்துக்குப் போனோம். வேலியோரம் ஒரு தகர டப்பாவை வைத்தோம். பக்கத்து வகுப்புகள் ஜன்னலில் தொங்கின. பையன் தலைக்கு மேல் மூன்று சுற்று சுற்றினான், விட்டான். டங்கென்று சத்தம். இரண்டாவது கல்லும் பட்டது. அதிகாரி அவன் தோளில் கை போட்டு, "தொடுகோடு, வட்டத்தை ஓரிடத்தில் தொட்டு நேராகப் போகிற கோடு, என்று புத்தகத்தில் போட்டிருப்பது இதுதான்" என்று சொன்னார். முதல் பெஞ்சுப் பிள்ளைகள் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதை நான் மறக்கவே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் அன்றைக்குத்தான் கறியானது.

கயிறு கல்லை உள்ளே இழுக்கிறது. இழுப்பு நின்றால் கல் தன்பாட்டுக்கு நேராகப் போகிறது. பஸ்ஸிலும் அதேதான். நம்மை யாரும் வெளியே தள்ளவில்லை. நாம் நேராகப் போகப் பார்க்கிறோம், பஸ் நமக்கடியில் திரும்புகிறது.

அந்தப் பையன் பத்தாம் வகுப்பில் அறிவியலில் தவறிவிட்டான். மையநோக்கு விசையை வரையறு என்று கேட்டால் அவனால் எழுத முடியாது. அவன் கையில் இருந்த அறிவுக்குத் தேர்வில் இடமில்லை. இன்றைக்கு அவர் நம் கொல்லிமலைக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். எழுபது கொண்டை ஊசி வளைவையும் பாரத்தோடு ஏறி இறங்குகிறார். "வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் கொறைச்சிடணும் சார், வளைவுக்குள்ள பிரேக் போட்டா டயர் பிடி விட்டுடும்" என்று போன மாதம் என்னிடம் சொன்னார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 மீட்டர் ஆர வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் மையநோக்கு முடுக்கம், அதாவது வண்டியை வளைவுக்குள் திருப்பத் தேவைப்படுகிற முடுக்கம், சுமார் 2 மீட்டர்/விநாடி². வேகத்தை 40 ஆக்கினால் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு, 8-க்கு மேல் போய்விடும். காய்ந்த தார்ச்சாலையில் சாதாரண டயர் சுமார் 7 வரைதான் தாங்கும். மலைக்கு பைக்கில் போகிற தம்பிகள் இந்த ஒரு கணக்கையாவது கையில் எழுதிக்கொண்டு போங்கள்.

இனி நிலா. 1665-இல் கொள்ளைநோய் வந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை மூடினார்கள். நியூட்டன் சொந்த ஊரான வூல்ஸ்தார்ப்புக்குத் திரும்பினார். மரத்திலிருந்து பழத்தை இழுக்கிற அதே விசை நிலாவையும் இழுக்குமா என்று யோசித்தார். 1687-இல் வந்த அவருடைய பிரின்சிபியா நூலில் கணக்கு இருக்கிறது. நிலா பூமியின் மையத்திலிருந்து ஏறக்குறைய 60 பூமி ஆரத் தூரத்தில் இருக்கிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்பு குறையும்; தூரம் 60 மடங்கு என்றால் ஈர்ப்பு 60 x 60, அதாவது 3600-இல் ஒரு பங்கு. இங்கே கையை விட்டுப் போட்ட கல் முதல் விநாடியில் 4.9 மீட்டர் விழுகிறது. அதே 4.9 மீட்டரை விழ நிலாவுக்கு ஒரு நிமிடம் ஆகிறது. ஆமாம், நிலா விழுந்துகொண்டேதான் இருக்கிறது! ஒவ்வொரு விநாடியும் சுமார் ஒரு கிலோமீட்டர் பக்கவாட்டில் ஓடுகிறது, ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாக நம் பக்கம் விழுகிறது. இந்த ஓட்டமும் விழுதலும் சேர்ந்ததுதான் நாம் பார்க்கிற வட்டம். அந்தப் பையனின் கவணுக்கு நார்க்கயிறு. நிலாவுக்குப் பூமியின் ஈர்ப்பு.

நியூட்டன் ஏட்டில் எழுதிய ஈர்ப்பைக் கையால் அளந்தவர் ஹென்றி கேவண்டிஷ் என்ற ஆங்கில அறிவியலாளர். 1797-இலும் 98-இலும், 65 வயதைத் தாண்டிய பிறகு, லண்டனை அடுத்த தன் வீட்டில் அளந்தார். ஜான் மிச்செல் என்ற அறிஞர் வடிவமைத்து, சோதனை செய்யாமலே இறந்துபோன கருவி அது. ஒவ்வொன்றும் 158 கிலோ எடையுள்ள இரண்டு ஈயக் குண்டுகள் பக்கத்தில் வந்தபோது, கம்பியில் தொங்கிய சின்னக் குண்டுகள் கொஞ்சமே கொஞ்சம் நகர்ந்தன. மூச்சுக் காற்றும் உடல் சூடும் கெடுத்துவிடுமே என்று அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கியில் பார்த்தார். பூமி தண்ணீரைப்போல் ஏறக்குறைய ஐந்தரை மடங்கு அடர்த்தியானது என்று கண்டார். இன்றைக்கு நாம் சொல்கிற அளவும் 5.5-தான். ஒரு வீட்டு அறைக்குள் பூமியை எடை போட்டார் ஐயா! அந்த அறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை யாராவது ஒளித்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதனால்தான் எந்த மேடை கிடைத்தாலும் இதைக் கேட்கிறேன். நம் பகுதியில் உள்ள பள்ளி ஆய்வகங்களை வாரம் ஒரு நாள், சனிக்கிழமை பிற்பகல் மட்டும், எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்து வையுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் வரட்டும், படிப்பை நிறுத்திய பையனும் வரட்டும். பொறுப்புக்கு ஆள் வேண்டும் என்றால் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நான்கு பேர் சம்பளமில்லாமல் இருக்கத் தயார். உடைகிற குடுவைக்கும் விசைத் தராசுக்கும் நாங்கள் பணம் கட்டுகிறோம். நான் பார்த்த ஒரு பள்ளி அலமாரியில், வாங்கியபோது சுற்றிய காகிதம்கூடப் பிரிக்காமல் விசைத் தராசுகள் துருப்பிடித்துக் கிடந்தன. அரசு கொடுத்த காசு அது, நம் வரிப்பணம். ஏட்டுச் சுரைக்காயாவது படிக்கக் கிடைக்கிறது. அலமாரியில் பூட்டிய சுரைக்காயைப் பார்க்கவும் முடியவில்லை.

மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. நேரம் ஆகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது, நடனம் ஆடப் பிள்ளைகள் வேஷம் போட்டுக் காத்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் விண்வெளி நிலையத்திலும் தரையில் இருக்கிற ஈர்ப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறது. அப்புறம் ஏன் மிதக்கிறார்கள்? ஒரு தண்ணீர் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு, மூடியைத் திறந்து, மாடியிலிருந்து கீழே விடுங்கள். விழுகிற நேரத்தில் ஓட்டையில் தண்ணீர் வருகிறதா என்று கூர்ந்து பாருங்கள். விடையை நான் சொல்லமாட்டேன், நீங்கள் வந்து எனக்குச் சொல்லுங்கள்.

கோரிக்கை மனு நூலகர் அம்மாவின் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். பெற்றோர்கள் போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம், மை இருக்கிறது. முதல் கையெழுத்தைத் தலைவர் அவர்கள் போட வேண்டும் என்று சபையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.